தாயம் கேட்டது நானில்லை

எழுதுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மாமல்லபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். இதுவரை நான் தாளில் எழுதியதெல்லாம் இடுப்பு, நீளம், தொடைச்சுற்று. நாலு பேர் சேர்ந்து நின்றால் வாய் திறக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் வேண்டுமென்றால்கூட வாளி என்னைத் தாண்டிப் போன பிறகுதான் கை நீட்டுவேன். அப்படிப்பட்டவன் எதற்காக எழுத வேண்டும் என்று கேட்கலாம். வாய் திறந்து பேசியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு கதை சுற்றுகிறது. அதில் நான் முட்டாள். கதை நடந்தது உண்மை. முட்டாளைத்தான் மாற்றி வைத்துவிட்டார்கள்.

மாற்றி வைத்தவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். சொந்த ஊர் கருங்குழி. அங்கே நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இங்கே கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு மாடி வீட்டை எடுத்து, வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிறார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அவர் என்னை மாப்ள என்பார். மதியம் கடற்கரை வெயிலில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் என் கடைக்கு வந்து, வெட்டிய துணிகளை நகர்த்திவிட்டு மேஜை மேலேயே உட்கார்ந்துகொள்வார். துணி கசங்கும் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

கொரோனா ஓய்ந்து வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த சமயம். அறையைக் காலி செய்த ஒருவர் கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார். மச்சான் அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். மேக்கப் பெட்டி என்று நினைத்து என் மனைவிக்குக் கொடுக்கத்தான் கொண்டுவந்தாராம். திறந்து பார்த்தால் உள்ளே ஊசி முனை போல் நீண்ட கட்டங்கள், கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள், இரண்டு பகடை, மடித்து வைத்த ஒரு தாள். தாளில் இருந்த எழுத்து எங்கள் இருவருக்கும் தெரியாத எழுத்து. இங்கிலீஷாக இருந்தாலாவது எழுத்துக் கூட்டிப் படித்திருப்பேன். ஆனால் படங்கள் இருந்தன. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டோம்.

ஆட்டம் இதுதான். பெட்டியில் இருபத்து நான்கு வீடு. ஆளுக்குப் பதினைந்து காய். அவருடைய காய்கள் ஒரு பக்கமாகச் சுற்றி வரும், என்னுடையவை அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். ஒரு வீட்டில் இரண்டு காய் சேர்ந்து நின்றால் ஜோடி, எதிரி அங்கே கால் வைக்க முடியாது. ஒற்றையாக நின்றால் வெட்டுவான், வெட்டுப்பட்ட காய் வெளியே போய்த் திரும்ப முதலிலிருந்து இறங்கி வர வேண்டும். எல்லாக் காயையும் தன் மூலைக்குக் கொண்டுவந்து முதலில் வெளியே எடுத்தவன் ஜெயித்தவன். காய்கள் எந்தெந்த வீட்டில் நின்று தொடங்க வேண்டும் என்பதும் படத்தில் இருந்தது. அதில்தான் வம்பு. பெரும்பாலான காய்கள் நம் பக்கத்திலும் நடுவிலும் நிற்க, இரண்டே இரண்டு காய் மட்டும் தூரத்தில், எதிரியின் மூலைக்குள்ளேயே, கடைசி வீட்டில் நிற்கின்றன.

அந்த இரண்டு காயைப் பார்த்ததும் மச்சான் சொன்னார்: "இது ரெண்டும் இன்னும் இறங்கல மாப்ள. தாயம் வுழுந்தாதான் இறங்கும்."

தாயம் என்றால் ஒன்று. எங்கள் ஊர்ப் பக்கம் தாயக்கட்டம் ஆடாத வீடு கிடையாது. பித்தளைக் கட்டையை உருட்டி ஒன்று விழுந்தால்தான் முதல் காயைக் கட்டத்துக்குள் வைக்கலாம். அதுவரைக்கும் அடுத்தவன் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மச்சான் அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டுவந்து இந்தப் பெட்டிக்குள் வைத்தார்.

நான் மறுத்தேன். இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் ஓர் அம்புக்குறி இருந்தது. அது அந்தத் தூரத்து மூலையில், அந்த இரண்டு காயின் காலடியிலிருந்தேதான் கிளம்பி, சுற்றி வந்து நம் மூலையில் முடிந்தது. ஒன்று என்று எங்குமே போடவில்லை. விரலை வைத்துக் காட்டினேன். அம்பு இங்கேயிருந்து கிளம்புகிறது மச்சான், காய் கட்டிப்போட்டிருந்தால் அம்பு எப்படிக் கிளம்பும் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"படம் போட்டவனுக்கு இன்னா தெரியும்? தாயம் இல்லாம எந்த ஆட்டமாச்சும் ஆரம்பிக்குமா? நீ காஜா எடுக்கறவன், அத பாரு."

பட்டன் ஓட்டை தைக்கிறவனுக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்கிறார். பெண் கொடுத்த வீட்டு மூத்தவர், பெட்டியும் அவருடையது. வருடக்கணக்கில் அவர் சொன்ன சட்டத்திலேயே ஆடினோம்.

அந்தச் சட்டம் ஒரு சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஆட்டமே அதனால் மாறிவிடும். யார் முதலில் ஆடுவது என்பதற்கு ஆளுக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தவர் அந்த இரண்டு எண்ணையுமே எடுத்து ஆடுவார். இது படத்திலேயே தெளிவாக இருந்தது. பகடை ஆட்டம்தானே, விழுவதுதானே ஆட்டம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பகடை எண்ணைத்தான் சொல்லும். எந்தக் காயை எடு என்று சொல்லாது. துணி எத்தனை மீட்டர் என்று கடைக்காரன் சொல்கிறான் என்பதற்காகச் சட்டையை அவனா தைக்கிறான்?

மூன்றும் ஒன்றும் விழுந்தால் எங்கள் சட்டத்திலும் சரி, உலகத்தின் சட்டத்திலும் சரி, ஒரே பதில்தான். நம் மூலையிலிருந்து எண்ணி எட்டாம் வீட்டிலிருந்து ஒன்று, ஆறாம் வீட்டிலிருந்து ஒன்று இறக்கி ஐந்தாம் வீட்டில் ஜோடி கட்ட வேண்டும். நான்கும் இரண்டும் விழுந்தால் அதே மாதிரி நான்காம் வீடு. ஆறும் ஒன்றும் என்றால் ஏழாம் வீடு. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பேன்ட்டுக்கு ஓரம் அடிக்கும்போது மனசுக்குள் உருட்டி உருட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

ஆனால் மச்சானின் சட்டத்தில் ஒரு சோம்பேறி வசதி இருந்தது. எதிரிக்குத் தாயம் விழாதவரை என் மூலையில் நிற்கும் அவனுடைய இரண்டு காயும் செத்த காய். அவை அசையாது, வெட்டவும் வராது. ஆகவே ஆட்டத்தின் தொடக்கத்தில் அவை தொடக்கூடிய தூரத்தில் ஒற்றைக் காயை எங்கே வேண்டுமானாலும் போடலாம், பயமே இல்லை. மச்சானுக்கு ஆறும் ஐந்தும் விழுந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். நடு வீட்டிலிருந்து இரண்டு காயை எடுத்து, ஒன்றை எட்டாம் வீட்டிலும் ஒன்றை ஏழாம் வீட்டில் ஒற்றையாகவும் டக்கென்று வைப்பார். ஏழில் நிற்கும் அந்த ஒற்றைக்குப் பக்கத்தில் அடுத்த கையில் இன்னொன்றைச் சேர்த்துச் சுவர் கட்டிவிடுவார். நான் தாயத்துக்காக உருட்டிக்கொண்டே இருப்பேன்.

ஒருமுறை தைத்த பேன்ட்டைப் போட்டுப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, நாங்கள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, நோ நோ என்று சொல்லிக் கையைக் கீழே காட்டினார். இடுப்பு சரியில்லை என்கிறார் என்று நினைத்து நான் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் காட்டியது அந்த மூலைக் காய்களை என்று இப்போதுதான் புரிகிறது. மச்சான் அன்றைக்கு, அந்த ஒரு பேன்ட்டின் இடுப்பை மூன்று தடவையா பிரித்துத் தைப்பாய் என்று என்னைத்தான் திட்டினார்.

போன தைக்கு முன்னால் மச்சான் புதுப் போன் வாங்கினார். ஏதோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு விளம்பரம் வந்ததாம். அதில் எங்கள் பெட்டி. ஆட்டத்துக்குப் பேர் பேக்கேமன் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று மதியம் கடைக்குள் நுழைந்தவர் மேஜை மேல் உட்காரக்கூட இல்லை.

"மாப்ள, மோசம் போயிட்டோம். தாயமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அந்த ரெண்டு காயும் மொத ஆட்டத்துலயே ஓடலாம். ஆட்டத்து பேரு இன்னா தெரியுமா? பேக்கேமன். பேர்லயே நம்மள பேக்குனு சொல்லிட்டான்."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கோபம் வரவில்லை. அம்புக்குறியை ஞாபகப்படுத்தலாமா என்று நினைத்தேன், விட்டுவிட்டேன். அவர் நம்மள என்று சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது. போனில் ஆறு-ஐந்தைக் காட்டினார். மூலைக் காய் ஒன்று பதினொரு வீடு தாவி, நடுவில் நம் ஆட்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது. ஆபத்திலிருந்து ஒரே மூச்சில் தப்பி ஓடுகிற அழகைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எத்தனை ஆறு-ஐந்தை வீணடித்திருக்கிறோம்.

சில நாள் கழித்துச் செங்கல்பட்டுக்குப் போய் நூல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கிப் பையோடு நடந்து வருகிறேன். என் கடைக்கு அடுத்த ஜூஸ் கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னா தாயம், லேட்டு?" என்றார். அங்கே உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் சிரித்து வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது, என்னைப் பார்த்து அவர்கள் சிரிக்க, நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பிறகுதான் தெரிந்தது. மச்சான் ஜூஸ் கடையில் கதை சொல்லியிருக்கிறார். எங்க மாப்ள கீறானே, வெளிநாட்டு ஆட்டத்துக்குத் தாயம் கேட்டுகினு வருஷக்கணக்கா உருட்டிகினு இருந்தான், நானும் பாவம்னு கூட உட்கார்ந்து ஆடினேன் என்று சொல்லியிருக்கிறார். நம்மள என்ற சொல் போய்விட்டது. சட்டம் என்னுடையதாகிவிட்டது. அவர் பாவம் பார்த்தவர் ஆகிவிட்டார்.

அதன் பிறகு என் பேரே போய்விட்டது. கல் செதுக்குகிற பட்டறையிலிருந்து இரண்டு கடை தாண்டிக் கூப்பிடுகிறார்கள், தாயம், என் சட்டை ரெடியா. அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர்கூடக் காலையில் கும்பிட்டு, தாயம் குட்மார்னிங் என்கிறார். அதுதான் என் பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பேசத் தெரிந்தவனுக்குப் பட்டப்பேர் வைத்தால் அவன் பதிலுக்கு ஒன்று வைப்பான், தீர்ந்தது. என்னைப் போன்றவனுக்கு வைத்தால் அது பச்சை குத்தின மாதிரி. மச்சான் மாப்பிள்ளையைக் கேலி செய்வது எங்கள் பக்கம் முறைதான். கல்யாணத்தன்று என் செருப்பை ஒளித்து வைத்தவரும் அவர்தான், நானும் சிரித்தேன். ஆனால் தான் செய்ததை என் தலையில் கட்டுவது எந்த முறையில் வருகிறது?

வீட்டில் சொன்னேன். என் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே, "எங்க அண்ணன் வெளையாட்டுக்கு சொல்லியிருக்கும், நீ இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுற" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னார். விளையாட்டைப் பற்றித்தான் சொன்னார். அதுதானே என் கோபம். அவர் என் நிறத்தைக் கேலி செய்யட்டும், வழுக்கையைக் கேலி செய்யட்டும். நான் உலகத்தில் மண்டையைக் குடைந்து யோசித்த ஒரே விஷயம் அந்தப் பெட்டி. அதில் போய் என்னை மடையனாக்கிவிட்டார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சட்டத்தைப் போட்டது தான்தான் என்று, கதை சொன்ன அதே ஜூஸ் கடையில், கேட்ட அதே ஆட்கள் முன்னால், மச்சான் தன் வாயால் சொல்ல வேண்டும்.

மச்சானோ அதற்குள் பெரிய வித்வான் ஆகிவிட்டார். மதியம் வந்தால் ஆட மாட்டார், போனில் ஆடிக்கொண்டே எனக்குப் பாடம் நடத்துவார். தப்பாக நகர்த்தினால் அந்தப் போன் சிவப்பில் காட்டுமாம். அவருக்கு இப்போதெல்லாம் சிவப்பே வருவதில்லையாம். இரண்டும் ஒன்றும் விழுந்தால் ஐந்தாம் வீட்டில் துணிந்து ஒற்றையைப் போடு மாப்ள, அதுக்கெல்லாம் கொஞ்சம் தைரியம் வேணும் என்றார். அதை நான், அவருக்குத் தாயம் விழுந்து அவர் காய்கள் வெட்ட வரும்போதே, வருஷக்கணக்காகச் செய்துவருகிறேன். அப்போதெல்லாம் அதைக் கிறுக்குத்தனம் என்று சொன்னவர் அவர்.

போன வாரம் ஒரு சாயங்காலம் பெட்டியை எடுத்துக்கொண்டு ஜூஸ் கடைக்குப் போனேன். வாயால் கூப்பிடத் தெரியாததால் அவர் உட்கார்ந்திருந்த மேஜையில் பெட்டியைத் திறந்து காய்களை அடுக்க ஆரம்பித்தேன். ஆட்டோக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஜூஸ் கடைக்காரர் மிக்சியை நிறுத்திவிட்டு வந்து நின்றார். "தாயம் சவால் வுடுதுப்பா" என்றார் ஒருவர். நான் தலையை நிமிர்த்தவில்லை.

மச்சான் போனைச் சட்டைப் பையில் போட்டார். கூட்டத்தைப் பார்த்து, இது புது ரூல் ஆட்டம், இதில் தாயம் கீயம் எதுவும் கிடையாது, மாப்ளைக்குத்தான் கஷ்டம் என்றார். ஆளுக்கொரு பகடை உருட்டினோம். எனக்கு ஐந்து, அவருக்கு ஆறு. ஆகவே முதல் ஆட்டம் அவருடையது, ஆறும் ஐந்தும்.

அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் பழைய நாட்களிலிருந்தே அறிவேன். கை நேராக நடு வீட்டுக்குப் போனது. இரண்டு காயை எடுத்து, ஒன்றை எட்டிலும் ஒன்றை ஏழில் ஒற்றையாகவும் டக்கென்று வைத்தார்.

மூலைக் காய் இரண்டும் அப்படியே நின்றன. எனக்குப் பாடம் நடத்திய அந்த அழகான ஓட்டத்தை அவர் ஓடவே இல்லை. போனில் விரல் கற்றுக்கொண்டதைப் பெட்டியில் கை கற்றுக்கொள்ளவில்லை போலிருக்கிறது. சுற்றி நின்றவர்கள் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது.

நான் உருட்டினேன். ஆறும் மூன்றும். அவர் மூலையில் நின்ற என் காய் ஒன்றை எடுத்து, ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்ணி, ஏழில் நின்ற அவருடைய ஒற்றை மேல் வைத்தேன். வெட்டு.

மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "யோவ் மாப்ள, இன்னும் தாயமே வுழல, எப்படி வெட்டுவ நீ?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. ஜூஸ் கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் கேட்டுவிட வேண்டும், இல்லையென்றால் வாழ்நாளில் கேட்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டேன்.

"அந்த ரூல யாரு மச்சான் போட்டது?"

நான் இத்தனை பேர் நடுவில் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. மச்சான் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என் கையை விட்டார்.

"நான்தான் போட்டேன். மாப்ள மொத நாளே வாணாம்னான், படத்த கூட காட்னான். நான்தான் கேக்கல. இன்னா இப்போ?"

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அத்தோடு கோபம் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் நடந்ததைக் கேளுங்கள். இன்னா இப்போ என்று அவர் சொன்ன விதத்துக்கு இன்னொரு சிரிப்பு. ஓர் ஆட்டோக்காரர் அவர் முதுகில் தட்டினார். நம்ம அண்ணாத்த எப்பவும் இப்படித்தான், பெரிய காமெடி பீஸு என்றார் இன்னொருவர். ஜூஸ் கடைக்காரர் அவருக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸ் கொண்டுவந்து வைத்தார். அவரும் சிரித்துக்கொண்டே குடித்தார். அதே தவறுதான். என் பேரில் இருந்தவரை அது மடத்தனம். அவர் பேருக்கு மாறியதும் தமாஷ். அவர் சட்டையில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

ஆட்டம் பாக்கி இருந்தது. மூன்றை நான் இன்னும் ஆடியிருக்கவில்லை. நடு வீட்டிலிருந்து ஒரு காயை மூன்று வீடு இறக்கிவிட்டு, பகடையை அவர் பக்கம் நகர்த்தினேன். வெட்டுப்பட்ட காயை அவர் அடுத்த கையிலேயே உள்ளே இறக்கிவிட்டார். கடைசியில் ஜெயித்ததும் அவர்தான். பகடை அப்படி விழுந்தது, அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பெட்டியை மூடும்போது மச்சான் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, ஏழுல ஒத்தைய போட்டது தப்புதான் இல்ல மாப்ள என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெட்டியை என் கையிலேயே கொடுத்தார், கடையிலயே இருக்கட்டும் என்றார்.

மறுநாள் காலை கடையைத் திறந்தேன். ஜூஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "தாயம், டீ சொல்லட்டா?" என்றார். சொல்லுங்க என்றேன்.